அச்சுக்கோப்பில் சுயராஜ்யம்

சென்னையிலும் புதுச்சேரியிலும் உள்ள பல காரியாலயங்களில் ஆயிரக்கணக்கான தமிழ் வாலிபர்களும் பெண்களும் நாள்தோறும் ஒரு வேலையைச் செய்து வருகிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பெரிய பிரசுராலயங்களின் விஞ்ஞானப் பத்திரிகைகளுக்கும் கணித நூல்களுக்கும் அச்சுக்கோத்துக் கொடுப்பதே அவ்வேலை. உலகத்தின் சாஸ்திர இலக்கியத்தில் கணிசமான ஒரு பகுதி இவர்களுடைய விரல்களின் வழியாகவே அச்சுக்குப் போகிறது. ஆனால் அப்பத்திரிகைகளின் எந்தப் பக்கத்திலும் இவர்களுடைய பெயர் காணப்படுவதில்லை.

இதற்கு மறுபுறத்தையும் பார்ப்போம். வெளிநாட்டு விஞ்ஞானப் பத்திரிகைகளை நமது மாணவர்களும் ஆசிரியர்களும் வாசிப்பதற்காக 'ஒரே தேசம், ஒரே சந்தா' என்னும் திட்டத்தை 2024 நவம்பர் 25-ல் மத்திய மந்திரி சபை அங்கீகரித்தது. 2025 முதல் 2027 முடியவுள்ள 3 ஆண்டுகளுக்கு இதற்கென ஒதுக்கப்பட்ட தொகை 6,000 கோடி ரூபாய். 30 பிரசுராலயங்களின் சுமார் 13,000 பத்திரிகைகள், 6,300-க்கு மேற்பட்ட ஸ்தாபனங்களில் உள்ள ஏறக்குறைய 1.8 கோடி பேருக்கு இதனால் கிடைக்குமென்று சர்க்கார் சொல்லியிருக்கிறார்கள். மாணவர்களுக்கு இது நன்மையே. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பருத்தியை இங்கிருந்து மலிவாக அனுப்பிவிட்டுத் துணியை அங்கிருந்து விலைகொடுத்து வாங்கிய காலத்தை மறவாத தேசத்தார், அச்சுக்கோப்பும் ஆராய்ச்சியும் இங்கிருந்து போய்ச் சந்தாப் பத்திரிகையாய்த் திரும்பி வருவதைக் கண்டு சிறிது நேரமாவது சிந்திக்க வேண்டாமா?

இந்த நிலைமைக்குக் காரணங்கள் பல. ஆராய்ச்சியாளரின் பதவி உயர்வு எதைப் பொறுத்திருக்கிறது, எந்தப் பத்திரிகைக்குக் கௌரவம் அதிகம் என்பன போன்ற பெரிய கேள்விகள் அதில் அடங்கியுள்ளன. அவற்றையெல்லாம் ஒரே நாளில் பேசித் தீர்க்க இயலாது. இன்று நாம் எடுத்துக்கொள்வது அதில் ஒரு சிறு பகுதியே. ஆனால் நமது கைக்கு எட்டிய பகுதி. மேற்சொன்ன வாலிபர்களில் பலர் கையாளும் கருவியின் பெயர் டெக். அதன்மேல் எழுந்த, கற்பதற்கு எளிதான மற்றொரு கருவியின் பெயர் லேடெக். இவை எந்தக் கம்பெனிக்கும் சொந்தமல்ல, விலையுமில்லை. வேண்டுவோர் யாரும் பெற்றுக்கொள்ளலாம், கற்கலாம், தொழில் செய்யலாம். கணிதமும் சூத்திரமும் அட்டவணையும் நிறைந்த நூலைப் பிழையற, அழகுற அச்சுக்குத் தயாரிக்க இவற்றை மிஞ்சிய சாதனம் அரிது. கூலிக்கு இக்கலையைத் திறம்படச் செய்யும் நாம், நமது சொந்தக் காரியத்துக்கு அதைக் கற்காமல் இருப்பது ஏன் என்பதே நமது கேள்வி.

ஒரு கணித ஆசிரியரின் அதிருப்தி

இக்கருவி பிறந்த வரலாறு அறியத்தக்கது. டொனால்ட் கனூத் என்பவர் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தவர். 1938-ல் பிறந்தவர். கணிப்பொறிகளுக்குக் கட்டளை வகுக்கும் கலையைப் பற்றி அவர் எழுதத் தொடங்கிய பெருநூலின் முதற்பாகம் 1968-லும், இரண்டாம் பாகம் 1969-லும், மூன்றாம் பாகம் 1973-லும் வெளிவந்தன. அவை ஈய எழுத்தை வார்த்து அடுக்கும் மானோடைப் முறையில் அச்சானவை. பக்கங்கள் கண்ணுக்கு இனியவையாக இருந்தன. 1974-ஆம் ஆண்டின் டூரிங் பரிசு இவருக்குக் கிடைத்தது.

1977-ல் இரண்டாம் பாகத்தின் புதிய பதிப்புக்குப் புரூப் வந்தது. அதற்குள் ஈயத்தின் காலம் போய், எழுத்தைப் படம்பிடித்து அச்சிடும் காலம் வந்துவிட்டது. சூத்திரங்களைக் கையால் அடுக்கத் தெரிந்த பழைய தொழிலாளர்கள் குறைந்துவிட்டார்கள். புதிய புரூப்பின் எழுத்துக்களையும் இடைவெளிகளையும் கண்டு கனூத் மனம் வருந்தினார். பதினைந்து ஆண்டு உழைப்பை இந்தக் கோலத்தில் வெளியிடுவதா என்று யோசித்தார். எழுத்து என்பது புள்ளிகளின் தொகுதியாகிவிட்டால், அந்தப் புள்ளிகளை எங்கே இடுவது என்பது கணிப்பொறிக்காரனுடைய வேலையல்லவா? அந்த வேலையைத் தாமே செய்துவிடுவதென்று தீர்மானித்து, 1977 மே 13-ல் தமது திட்டத்தின் முதற்குறிப்பை எழுதிவைத்தார். ஓர் ஆண்டு ஓய்வில் முடித்துவிடலாமென்பது அவருடைய எண்ணம். ஆனால் முடிய ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பிடித்தன. முதலில் செய்ததை ஒதுக்கிவிட்டு 1982-ல் முழுவதையும் புதிதாக எழுதினார்.

கருவிக்கு அவர் இட்ட பெயர் கிரேக்க பாஷையில் கலை, தொழில் இரண்டையும் குறிக்கும் சொல்லின் வேரிலிருந்து எடுக்கப்பட்டது. ஆகையால் அதை 'டெக்' என்றே உச்சரிக்க வேண்டும். 'டெக்ஸ்' என்பது பிழை. லேடெக் என்பதையும் ரப்பர் மரத்தின் பாலோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

கனூத் இதை விற்றுப் பொருள் சேர்க்கவில்லை, எல்லோருக்கும் உரியதாக்கினார். நிரலின் ஒவ்வொரு வரியையும் விளக்கத்தோடு 1986-ல் ஒரு நூலாகவே அச்சிட்டார். 'இதை மாற்றலாம், ஆனால் மாற்றியதை இதே பெயரால் வழங்கலாகாது' என்பதே அவர் விதித்த முக்கிய நிபந்தனை. பிழை கண்டுபிடித்தவருக்குப் பரிசும் வைத்தார். 2.56 டாலரில் தொடங்கிய அப்பரிசு ஆண்டுதோறும் இரட்டித்து 327.68 டாலரில் நின்றது. கருவியின் பதிப்பு எண்ணோ, வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய 'பை' என்ற எண்ணை ஒவ்வொரு இலக்கமாக நெருங்கிக்கொண்டே போகிறது. 2021-ல் வந்த பதிப்பின் எண் 3.141592653. இனிப் புதுமைகள் சேர்ப்பதில்லை, பிழை நீக்குவது மட்டுமே என்று அவர் வெகுகாலத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் இக்கருவிக்கென எழுதப்பட்ட ஒரு கட்டுரையை இன்றும் அப்படியே பக்கமாக்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் இந்த உறுதியே.

லெஸ்லி லாம்போர்ட் என்ற மற்றோர் அறிஞர் 1980-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் இதன்மேல் லேடெக்கை அமைத்தார். 2013-ஆம் ஆண்டின் டூரிங் பரிசு இவருக்குக் கிடைத்தது. இன்று வழங்கும் லேடெக்கின் அடிப்படைப் பதிப்பு 1994-ல் வெளியானது. ஒரு தொண்டர் குழுவினர் அதைப் பேணி வருகிறார்கள்.

ஓரக்குறிப்பின் தத்துவம்

பழைய அச்சுக்கூடங்களில் வழங்கிய ஒரு பழக்கத்தை நினைவுகூர்ந்தால் இக்கருவியின் தத்துவம் எளிதில் விளங்கும். கையெழுத்துப் பிரதி அச்சுக்கூடத்துக்குப் போகுமுன், ஆசிரியர் அதன் ஓரத்தில் குறிப்புக்கள் எழுதுவார். 'இது தலைப்பு', 'இது மேற்கோள். சிறிய எழுத்தில் கோக்கவும்', 'இங்கே புதுப் பாரா' என்பன போன்ற கட்டளைகள் அவை. கம்பாஸிட்டர் அவற்றைப் படித்து, அதற்கேற்ற எழுத்தைக் கேஸிலிருந்து எடுத்து ஸ்டிக்கில் அடுக்குவார். எது என்ன என்பதைச் சொல்வது ஆசிரியர் பொறுப்பு. அது எப்படித் தோன்ற வேண்டும் என்பது அச்சுக்கோப்போர் பொறுப்பு. லேடெக் இந்தப் பழைய வேலைப் பிரிவினையையே பின்பற்றுகிறது. எழுதுகிறவர் சாதாரண எழுத்தில் விஷயத்தையும் குறிப்பையும் சேர்த்து எழுதுகிறார். யந்திரம் அதைப் படித்துப் பக்கமாக்குகிறது.

இக்காலத்தில் பெரும்பாலோர் உபயோகிக்கும் எழுத்துச் செயலிகளில் இப்பிரிவினை இல்லை. திரையில் தோன்றுவதே தாளில் வருமென்பது அவற்றின் முறை. விண்ணப்பம் எழுதவும் கடிதம் எழுதவும் அது போதும். ஆனால் இருநூறு பக்கமுள்ள ஆராய்ச்சி நூலில், ஒவ்வொரு தலைப்பையும் கையால் பெரிதாக்கி, ஒவ்வொரு சூத்திரத்துக்கும் கையால் எண்ணிட்டுப் போகிறவர், இடையில் ஒன்றைச் சேர்க்க நேர்ந்தால் படும் பாடு சொல்லி முடியாது. நியாயஸ்தலங்களில் பழகியவர்கள் இதை நன்கு அறிவார்கள். ஒரு பிராதில் 12-வது பாராவுக்கு முன் புதிதாக ஒன்றைப் புகுத்தினால், அதன்பின் வரும் எண்களெல்லாம் மாறும். 'மேலே 15-வது பாராவில் கூறியபடி' என்ற இடங்களெல்லாம் பொய்யாகும். ஒன்றைத் திருத்த மறந்தாலும் எதிர்க்கட்சி வக்கீல் விடமாட்டார். லேடெக்கில் எண்ணை எழுதுவதேயில்லை. சூத்திரத்துக்கோ படத்துக்கோ ஒரு பெயர் சூட்டிவிட்டு, வேண்டிய இடத்தில் அப்பெயரைச் சொல்லி அழைத்தால், சரியான எண்ணை யந்திரமே இடும். எத்தனை தரம் இடம் மாற்றினாலும் எண் தவறாது.

பாராவை வரிகளாகப் பிரிப்பதிலும் இதன் புத்தி நுட்பம் தெரியும். சாதாரணச் செயலிகள் ஒரு வரி நிரம்பியதும் அதை முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும். முந்திய வரியை மீண்டும் திரும்பிப் பார்ப்பதில்லை. டெக்கோ ஒவ்வோர் எழுத்தையும் ஒரு பெட்டியாகவும், சொற்களுக்கு இடையிலுள்ள வெளியை நீளவும் சுருங்கவும் வல்ல பசையாகவும் கருதுகிறது. பாரா முழுவதையும் ஒருங்கே பார்த்து, எந்த இடங்களில் முறித்தால் எல்லா வரிகளிலும் சேர்ந்து கோணல் மிகக் குறையும் என்று கணக்கிடுகிறது. கடைசி வரியின் அழகுக்காக முதல் வரியை மாற்றவும் அது தயங்காது. இம்முறையைக் கனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981-ல் விளக்கி எழுதினார்கள். சொற்களை எங்கே ஒடிக்கலாமென்ற விதியைப் பிராங்க் லியாங் வகுத்துக் கொடுத்தார். அளவுகளில் காட்டிய கண்டிப்பும் வியக்கத்தக்கது: ஓர் அங்குலத்தில் 72.27 புள்ளி, ஒரு புள்ளியில் 65,536 நுண்பகுதி. அந்நுண்பகுதி நாம் காணும் ஒளியின் அலைநீளத்தைக் காட்டிலும் சிறியது.

கற்கும் முறை

இனி, கற்பது எவ்வாறு என்று பார்ப்போம். டெக் லைவ் என்னும் பெயரால் எல்லாச் சாதனங்களும் ஒரே தொகுதியாக இலவசமாகக் கிடைக்கின்றன. எழுதுவதற்கு எந்தச் சாதாரண எழுத்துத் திருத்தியும் போதும். ஒவ்வொரு கோப்பும் இரண்டு பகுதியுடையது. முகப்பில், இது கட்டுரையா, நூலா, அறிக்கையா என்பதையும், எந்தத் துணைத் தொகுதிகள் வேண்டுமென்பதையும் அறிவிக்க வேண்டும். பிறகு ஆவணம் தொடங்குகிறது என்ற ஆணைக்கும் முடிகிறது என்ற ஆணைக்கும் இடையில் விஷயத்தை எழுத வேண்டும். ஆணைகளெல்லாம் பின்சாய்வுக் கோட்டில் தொடங்கும். ஆணைக்குரிய பொருள் சுருள் அடைப்புக்குள் நிற்கும். ஒரு வரியை வெறுமையாக விட்டால் புதுப் பாரா பிறக்கும். எத்தனை இடைவெளி தட்டினாலும் ஒன்றாகவே எண்ணப்படும்.

கணிதம் எழுத, டாலர் குறிகள் இரண்டுக்கு நடுவில் எழுத வேண்டும். அங்கே யந்திரத்தின் மனப்பான்மையே மாறிவிடும். எழுத்துக்கள் சாய்வெழுத்தாகும். நாம் இட்ட இடைவெளிகள் மறைந்து, கணித மரபுக்குரிய இடைவெளிகள் தாமே அமையும். வாக்கியத்தில் சொற்களை இணைக்கும் சிறு கோடு, கணிதத்துக்குள் கழித்தல் குறியாய் நீளும். பின்னம் வேண்டுமானால் அதற்குரிய ஆணையை எழுதி, மேலெண்ணை ஓர் அடைப்பிலும் கீழெண்ணை மற்றோர் அடைப்பிலும் தந்தால் போதும். பின்னத்துக்குள் வர்க்கமூலமும், அதற்குள் மற்றொரு பின்னமும் வந்தாலும் அளவுகள் தாமே ஒழுங்குபடும். இவ்வகைக் கணிதப் பக்கங்களை மேனாட்டு அச்சுக்கூடத்தார் 'தண்டனைப் பிரதி' என்று பெயரிட்டு அதிகக் கூலி வாங்கினார்கள் என்பதை நினைத்தால் இந்தச் சௌகரியத்தின் மதிப்பு தெரியும்.

தொடக்கத்தில் கற்போர் இடறும் இடங்கள் சில உண்டு. முதலாவது, சதவீதக் குறி. அக்குறிக்குப் பின் அந்த வரியில் உள்ள யாவும் எழுதுகிறவருடைய சொந்தக் குறிப்பென்று யந்திரம் கருதி ஒதுக்கிவிடும். ஆகையால் '10 சதவீதம்' என்பதைக் குறியால் எழுதினவர், வாக்கியத்தின் பின்பாதி மாயமாய் மறைந்ததைக் கண்டு திகைப்பார். முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு இட்டால் தீர்ந்தது. இரண்டாவது, மூடாத அடைப்பு. ஓர் அடைப்பை மூட மறந்தால் யந்திரம் ஐம்பது குறைகளை வரிசையாக முறையிடும். அவற்றில் முதலாவதை மட்டும் திருத்திவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். மற்றவை பெரும்பாலும் தாமே ஒழியும். யந்திரம் காட்டும் வரியில் பிழை இல்லையானால் அதற்கு முந்திய வரிகளில் தேட வேண்டும். அங்கும் அகப்படாவிட்டால், பாதிப் பகுதியைச் சதவீதக் குறியால் மறைத்துவிட்டு ஓட்டினால், பிழை எந்தப் பாதியில் என்பது தெரிந்துவிடும். மூன்றாவது, எண்களுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகள் தோன்றுவது. இது பிழையன்று. முதல் ஓட்டத்தில் யந்திரம் எண்களைத் துணைக் கோப்பில் குறித்துக்கொள்கிறது. இரண்டாம் ஓட்டத்திலேயே அவற்றை உரிய இடத்தில் இடுகிறது. நான்காவது, படங்கள் நாம் எழுதிய இடத்தை விட்டு அடுத்த பக்கத்துக்கு ஓடுவது. பக்கத்தின் அடியில் வெற்றிடம் விழாதிருக்க யந்திரம் செய்யும் ஏற்பாடு அது. 'கீழே உள்ள படம்' என்று எழுதாமல் எண்ணைச் சொல்லிக் குறிப்பிட்டால் வாசகருக்குக் குழப்பம் இராது.

ஒரு யோசனை மட்டும் முக்கியமாகக் கூறுவோம். கற்கிறவர் முதல் வாரத்திலேயே எழுத்தின் அளவையும் ஓரத்தின் அகலத்தையும் மாற்றத் துணியலாகாது. தோற்றத்தைக் கருவியிடம் விட்டுவிட்டு, வாதத்தின் அமைப்பில் மனத்தைச் செலுத்துவதே இம்முறையின் பயன். எது தலைப்பு, எது துணைத்தலைப்பு, எது நிரூபணம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதுகிறவனுக்குத் தன் எண்ணத்தின் ஒழுங்கின்மை தானே தெரியவரும். பிறர் எழுதிய ஒரு நல்ல மாதிரிக் கோப்பை எடுத்துக்கொண்டு, அதில் தமது விஷயத்தை நிரப்பி, ஒவ்வோர் ஆணையாக என்ன செய்கிறதென்று சோதித்துப் பார்ப்பதே சிறந்த வழி. பத்து நாள் பழகினால் கட்டுரை எழுதலாம்; இரண்டு மாதம் பழகினால் நூல் எழுதலாம்.

தமிழுக்குப் பொருந்துமா?

'இதெல்லாம் ஆங்கிலத்துக்குச் சரி, தமிழுக்கு ஆகுமா?' என்று கேட்பவர்கள் உண்டு. முன்பு அது நியாயமான கேள்வியே. ஆதியில் டெக் ஆங்கில எழுத்துக்களையே எதிர்பார்த்தது. 'கொ' என்ற எழுத்தில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. ஒலியில் பின்வருவது எழுத்தில் முன்வருகிறது. இதைச் சமாளிக்கத் தனியாக ஒரு முன்னேற்பாட்டு நிரல் வேண்டியிருந்தது. 1991-ல் வந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 2004-ல் ஜானதன் கியூ என்பவர் ஜீடெக் என்னும் புதிய யந்திரத்தை வெளியிட்டார். அது யூனிகோடு எழுத்தை நேரே படிக்கும். கணிப்பொறியிலுள்ள எந்தத் தமிழ் எழுத்துருவையும் உபயோகிக்கும். பிறகு லுவாடெக் என்பதும் இவ்வாற்றல் பெற்றது. தமிழ் நூலுக்கு வேண்டிய பொருளடக்கம், அத்தியாயம், படம் முதலிய சொற்களைத் தமிழிலேயே இடும் துணைத் தொகுதியும், தமிழ்ச் சொற்களை வரியிறுதியில் ஒடிக்கும் விதிகளும் இன்று டெக் லைவிலேயே அடங்கியிருக்கின்றன.

குறைகள் இன்னும் இல்லாமலில்லை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் வரிகளுக்கிடையே வெளி விகாரமாகத் தோன்றும். புள்ளியெழுத்தில் வரி தொடங்கலாகாதென்ற அச்சுக்கூட மரபை ஒவ்வொருவரும் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொல்லடைவை அகர வரிசைப்படுத்துவதற்குத் தனி முயற்சி தேவை. நூலெழுத்துக்குத் தகுந்த, தடிப்பும் சாய்வும் கூடிய தமிழ் எழுத்துருக்கள் போதவில்லை. இக்குறைகளை அமெரிக்கப் பேராசிரியர் வந்து தீர்க்கமாட்டார். தமிழும் அறிந்து இக்கருவியும் அறிந்தவர்களே தீர்க்க வேண்டும். நமது அண்டை நகரமாகிய திருவனந்தபுரத்தில் 2002-லும் 2011-லும் டெக் உபயோகிப்போரின் சர்வதேச மகாநாடு கூடியது. மலையாளத்தாருக்கு ஆன காரியம் நமக்கு ஆகாதென்று சொல்வது பொருந்தாது.

சாஸ்திரத்தைத் தமிழில் எழுத வேண்டுமென்ற முயற்சி புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் கிரீன் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே வைத்திய நூல்களைத் தமிழில் கொணர்ந்தார். 1916-ல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் சாஸ்திரச் சொற்களுக்கென ஒரு கழகம் கண்டார்கள். பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வெளிவந்தது. ஈய எழுத்தின் காலத்தில் அவ்வளவும் முடிந்தது. 2010-ல் அண்ணா சர்வகலாசாலை எஞ்சினீரிங் படிப்பில் இரண்டு பிரிவுகளைத் தமிழ் மூலம் போதிக்கத் தொடங்கியது. அம்மாணவர்களின் கைக்குத் தேவை நல்ல பாடநூல்கள். சொல் இல்லை என்ற குறையைக் காட்டிலும், சூத்திரத்தோடு கூடிய தமிழ்ப் பக்கத்தைச் செம்மையாகக் கோக்க ஆளில்லை என்ற குறை இன்று பெரிது. தமிழ் விக்கிப்பீடியாவில் கணிதக் கட்டுரை எழுதுவோர் சூத்திரங்களுக்கு இந்த டெக் குறிமுறையையே கையாள்கிறார்கள். அங்கே தொண்டர்கள் செய்வதைச் சர்வகலாசாலைகள் ஏன் செய்யக்கூடாது?

சில ஆட்சேபங்கள்

ஆணைகள் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ் மாணவனுக்குக் கஷ்டம் என்பது ஓர் ஆட்சேபம். அன்றாடம் வேண்டிய ஆணைகள் ஐம்பதுக்கு மேல் இல்லை. அவற்றுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டிக்கொள்ளவும் கருவியிலேயே வழி இருக்கிறது. நெசவுக்காரன் தறியின் உறுப்புக்களைப் பெயர் கேட்டுக் கற்பதைவிட இது கடினமன்று.

அந்நியன் செய்த கருவியை ஏற்பது சுதேசியமா என்பது மற்றொன்று. அச்சு யந்திரமே வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். 1578-ல் கொல்லத்தில் தமிழெழுத்தில் நூல் அச்சிட்டவர் அந்நிய பாதிரியார். அதே அச்சைக் கைக்கொண்டுதான் பிற்காலத்தில் நமது தேசியப் பத்திரிகைகள் அந்நிய ஆட்சியை எதிர்த்தன. 1878-ஆம் ஆண்டுச் சுதேச பாஷைப் பத்திரிகைச் சட்டத்துக்கும், 1910, 1931-ஆம் ஆண்டுகளின் அச்சுச் சட்டங்களுக்கும் ஈடுகொடுத்து நின்றன. கருவி எங்கே பிறந்தது என்பதல்ல கேள்வி. அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. எவருடைய உத்தரவும் இன்றி உபயோகிக்கவும், பிரித்துப் பார்க்கவும், திருத்தவும் நமக்கு உரிமை உள்ள கருவி நமது கருவியே.

சாவி பிறர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழிலேயே சாட்சியம் உண்டு. 1990-க்குப் பிந்திய ஆண்டுகளில் ஒவ்வொரு கம்பெனியும் தன் தமிழ் எழுத்துருவுக்குத் தனித்தனிக் குறியேற்றம் வைத்துக்கொண்டது. ஒன்றில் தட்டிய நூல் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது. எழுத்துரு தொலைந்தால் நூலும் தொலைந்தது. அக்காலத்தில் கணிப்பொறியில் ஏற்றிய எத்தனையோ தமிழ் நூல்களை மீண்டும் தட்டெழுத வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டு சர்க்கார் 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்ற பிறகே இக்குழப்பத்துக்கு ஒரு வரம்பு ஏற்பட்டது. லேடெக் கோப்போ வெறும் எழுத்து. எந்த யந்திரத்திலும் திறக்கும். கருவியே அழிந்தாலும் மனிதன் வாசித்துப் புரிந்துகொள்வான். பேரனுக்கு விட்டுப்போகும் சொத்துக்குப் பத்திரம் தெளிவாக இருக்க வேண்டுமென்று கருதுகிறவர்கள், அறிவுச் சொத்துக்கும் அதே ஜாக்கிரதையைக் காட்ட வேண்டும்.

செய்யத்தக்கவை

ஆகவே நாம் கோருவது மூன்று காரியங்கள். முதலாவதாக, தமிழ்நாட்டின் ஒவ்வொரு சர்வகலாசாலையும் ஆராய்ச்சி நூலுக்குரிய லேடெக் மாதிரிக் கோப்பைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தயாரித்து இலவசமாக வெளியிட வேண்டும். தட்டெழுத்து நிலையங்களில் பக்கத்துக்கு இவ்வளவென்று பணம் கட்டிப் பிழையோடு திரும்பி வரும் ஏழை மாணவனுக்கு இது பெரிய உபகாரம். இரண்டாவதாக, பாடநூல் வெளியிடும் சர்க்கார் ஸ்தாபனங்கள் தமிழ்ப் பாடநூல்களின் மூலக்கோப்புக்களை இம்முறையில் வைத்துக் காக்க வேண்டும்; திருத்திய பதிப்புக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கோக்கும் வீண்செலவு நிற்கும். மூன்றாவதாக, சென்னையிலும் புதுச்சேரியிலும் வேலை செய்யும் தொழிலாளர்களை நமது கல்லூரிகள் ஆசிரியர்களாக அழைக்க வேண்டும். உலகத்தின் கணிதத்தையெல்லாம் கோத்துப் பழகிய அவர்களைவிட இக்கலையைக் கற்பிக்கத் தகுந்தவர்கள் வேறு யார்?

சர்க்காரும் சர்வகலாசாலையும் அசையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாசகசாலைகள் நடத்தும் தேசத்தொண்டர்கள், ஒரு பழைய கணிப்பொறியும் வாரத்துக்கு இரண்டு மாலையும் இருந்தால் இதை ஊருக்கு ஊர் தொடங்கலாம். கற்றவன் ஒருவன் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். கிராமத்துப் பள்ளிக்கூடத்துக் கணித உபாத்தியாயர் தமது வினாத்தாளைத் தாமே செம்மையாக அச்சுக்குத் தயாரிக்கிற நாள் வந்தால், தமிழில் பாடநூல் எழுதுகிறவர்களும் தாமே தோன்றுவார்கள்.

பிறர் நூலுக்கு அச்சுக்கோத்துக் கொடுத்துக் கூலி பெறுவதில் இழிவொன்றுமில்லை. உழைப்பு எங்கும் உயர்ந்ததே. ஆனால் பிறர் நூலை மட்டுமே கோத்துக்கொண்டு, தன் பாஷையில் எழுத வேண்டிய நூலை எழுதாமலிருக்கும் சமூகம் என்றைக்கும் கூலிக்காரச் சமூகமாகவே இருந்துவிடும். கருவி இலவசம், ஆற்றல் நம்மவரிடமே இருக்கிறது, பாஷையும் தயார். குறை மனவுறுதி ஒன்றுதான். அதை வரவழைப்பது தமிழ் மக்களின் கடமை.